செல்விக்குக் கிடைத்த துணி

என் ஓரகத்தி செல்வியின் இடது கையைப் பார்த்தால், கொதிக்கிற கஞ்சி விழுந்த கை என்று யாரும் சொல்லமாட்டார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை லேசாக ஒரு நிற வித்தியாசம், அவ்வளவுதான். நாலு வளையல் போட்டால் அதுவும் தெரியாது. என் வலது கையைப் பார்க்கிறவர்கள் முதலில் கையைப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு வேறு பேச்சு எடுப்பார்கள். இரண்டு கையும் வெந்தது ஒரே அண்டாவில், ஒரே நிமிஷத்தில். தீக்காயம் பட்ட நாலு பேருக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று செல்வி சொல்லுவாள். அதுவும் உண்மைதான்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்கொட்டகை. என் வீட்டுக்காரர் முருகேசனும் அவருடைய தம்பியும் விசைத்தறி ஓட்டுகிறார்கள். அந்தத் தம்பியின் மனைவிதான் செல்வி. நெய்து இறங்குகிற பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டு, காயவைத்து, மடித்துக் கட்டுவது வீட்டுப் பெண்கள் வேலை. கஞ்சி செல்வியின் பொறுப்பு, மடிப்பு என்னுடையது.

மடிப்பு என்றால் சும்மா நாலாக மடக்குவது இல்லை. கடைக்காரர் கட்டைப் பிரித்ததும் கரையும் முந்தியும் ஒருசேரக் கண்ணில் விழ வேண்டும். எத்தனை கை மாறினாலும் மடிப்பு கலையக் கூடாது. வலது கைப் பெருவிரலை வைத்து ஓர் அழுத்து, ஓர் இழுப்பு, அதில்தான் எல்லாம் இருக்கிறது. “பெரியவ மடிப்பு” என்று எங்கள் தெருவில் பெயரே உண்டு. செல்வி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வேலை மேல் அவளுக்கு ஒரு கண். கஞ்சி வேலை அடுப்படி வேலை, வேர்த்து வடியும். மடிப்பு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து செய்வது. ஆசைப்படாமல் இருப்பாளா?

அது ஆடி மாதம். கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. செல்வி விரதம். விடியற்காலையில் எழுந்துபோய் நேர்த்திக்காகக் கோயிலை ஆடிச்சுற்று சுற்றிவிட்டு வந்து, பசியோடு கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். காய்ச்சிய அண்டாவை இறக்கிக் கொண்டுபோக ஆளுக்கு ஒரு காதைப் பிடிப்போம். நான் வலது கையால், அவள் இடது கையால். தரையில் ஏற்கெனவே சிந்தியிருந்த கஞ்சி வழுக்கியது. முதலில் பிடி நழுவியது அவளுக்கா எனக்கா என்பதை நாங்கள் இன்றுவரை முடிவு செய்யவில்லை. அண்டா இருவருக்கும் நடுவில் கவிழ்ந்தது.

செல்வியின் பக்கம் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அலறிக்கொண்டே கையைத் தொட்டிக்குள் விட்டுவிட்டாள். அதுதான் சரியான முதலுதவி என்று பிறகு டாக்டர் அவளைப் பாராட்டியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் என்ன படித்துவிட்டா செய்தாள்? தொட்டி அவள் பக்கம் இருந்தது, என் பக்கம் சுவர் இருந்தது. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்: கை கால் வெந்தால் உடனே குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் நல்ல நேரம் காட்டுங்கள். அதிலும் கஞ்சி வெந்நீரைப்போல வழிந்து ஓடாது. தோலோடு அப்பிக்கொண்டு உள்ளே வேகவைத்துக்கொண்டே இருக்கும்.

எனக்குக் கிடைத்தது வேறு. என் நாத்தனார் பேச்சியம்மாள், வீட்டுக்காரரின் அக்காள், நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம், சத்தம் கேட்டு ஓடிவந்தாள். அவள் முந்தியில் கோயில் புற்றுமண் கொஞ்சம் முடிந்து வைத்திருந்தாள். எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும், சொறியோ தேமலோ, அந்த மண்ணைத்தான் முதலில் எடுப்போம். நானும் எத்தனையோ தடவை போட்டவள்தான், இன்றைக்கும் நெற்றியில் இட்டுக்கொள்கிறேன்.

“ஏட்டி கோமதி, அழாத. அம்பாள் பாத்துக்கிடுவா” என்று சொல்லிக்கொண்டே மண்ணைத் தண்ணீரில் குழைத்து, புறங்கையிலிருந்து விரல்கள் வரை கனமாகப் பூசினாள். இருந்தது அவ்வளவுதான், என் ஒரு கைக்கே தீர்ந்துபோனது. செல்வி தொட்டிக்குள் கையை விட்டபடி பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த உயிர்போகிற வேதனையிலும், மதினி முதலில் ஓடிவந்தது என்னிடம்தான் என்பது எனக்கு உள்ளூர இனித்தது. பெரிய மருமகள் பெரிய மருமகள்தான்.

உள்ளூரில் முதல் சிகிச்சை முடித்து எங்கள் இருவரையும் ஒரே வண்டியில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். தீக்காய வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எங்கள் கட்டில்களைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. என் கையிலிருந்து அந்த மண்ணைக் கழுவி எடுத்ததை மட்டும் நான் விவரமாக எழுதப் போவதில்லை. வெந்த தோலுக்குள் காய்ந்துபோன மண் அது. கழுவிவிட்டு டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. “நெத்தியில வைங்கம்மா, திறந்த புண்ணுல எந்த மண்ணும் வேண்டாம். மண்ணுல கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கும். வெந்த தோலு அதைத் தடுக்காது” என்றாள். மதினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வார்டுப் பக்கம் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே வந்தாள், பாவம்.

மறுநாள் டாக்டரம்மா செல்வியின் கட்டிலுக்கு ஒரு புதுத் துணியோடு வந்தாள். உறைக்குள் அடைத்து முத்திரையிட்ட துணி. எனக்கு வலி மறந்துபோய்விட்டது. துணி என்றால் எங்களுக்குக் கண் தானாகப் போகும். வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஒரு நிறம், கஞ்சி போட்ட மல் துணி மாதிரி மொடமொடப்பு. உற்றுப் பார்த்தால் நெடுக்கே ஓடுகிற பாவும் இல்லை, குறுக்கே ஓடுகிற ஊடையும் இல்லை. நெய்யாமலே இழைகளை ஒன்றோடொன்று அமுக்கிப் பிடித்துத் துணியாக்கியிருந்தார்கள்.

ஆய்வு செய்கிறவர்கள் உருவாக்கிய புதுக் கட்டுத்துணி அது என்று டாக்டரம்மா விளக்கினாள். இறால் ஓட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்து, அதை நூலாக இழுத்துச் செய்ததாம். இயற்கைப் பாலிமர் என்றாள். ஒரே மாதிரியான சின்னச் சின்னக் கண்ணிகள் சங்கிலிபோல நீளமாகக் கோர்த்துக்கொண்டால் அதற்குப் பாலிமர் என்று பெயர். பிளாஸ்டிக்கும் அதுதான், நாம் கட்டுகிற பருத்தியும் அதுதான். பருத்தி செடியில் விளைந்தது, இது இறாலின் ஓட்டில் விளைந்தது, அதனால் இயற்கை. இத்தனை வருஷமாகப் பாலிமருக்குக் கஞ்சி போட்டு மடித்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாதாரணக் கட்டை அடிக்கடி பிரித்து மாற்ற வேண்டும். இந்தத் துணி புண்ணின் ஈரத்தை உறிஞ்சி, கூழ்போலக் குழைந்து, அதோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்க வேண்டியதே இல்லை. அடியில் புதுத் தோல் வளர வளர ஓரம் தானாகக் கிளம்பும், கிளம்பியதைக் கத்தரித்து எடுத்துவிடலாம். “ஆனா இது இன்னும் சோதனையிலதான் இருக்கு. நல்லா ஆறும்னு நாங்க எதிர்பாக்கோம், சத்தியம் பண்ண முடியாது. சேர்ந்தவங்கள்ல பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்குப் பழைய கட்டு. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் சீட்டுக் குலுக்குத மாதிரி எடுத்துக் குடுக்கும். செல்விக்கு இது வந்திருக்கு.”

“எனக்கு?” என்றேன்.

“உங்களைச் சேக்க முடியாதும்மா. புண்ணு சுத்தமா இருக்கணும். மண்ணு பட்ட புண்ணுக்கு மேல மூடிவச்சா உள்ளயே சீழ் பிடிச்சிரும்.”

அந்த நிமிஷம் என் வயிற்றுக்குள் கொதித்ததை விடவா அண்டாவில் கொதித்தது? பாசத்தோடு பூசிய மண்ணால் நான் வெளியே. பூசாமல் விட்டதால் அவள் உள்ளே.

அதோடு விடவில்லை கடவுள், எனக்கு ஆசையும் காட்டினார். “இறால் சாப்பிட்டா உடம்புல தடிப்பு எதும் வருமா?” என்று டாக்டரம்மா செல்வியிடம் கேட்டாள். செல்வியின் முகம் மாறிவிட்டது. “டாக்டரம்மா, நான் தபசுக்கு விரதம்லா. இறால் எப்பிடி?”

“திங்கச் சொல்லலம்மா, கையில ஒட்டத்தான்.”

செல்வி என் பக்கம் திரும்பினாள். “யக்கா, என்ன செய்ய? நீங்க சொல்லுங்க.”

குரலை எவ்வளவு சாந்தமாக வைத்துக்கொண்டேன் தெரியுமா? “அம்பாள் விஷயம், நான் என்னத்தச் சொல்ல. ஒனக்கு மனசு ஒப்பலன்னா வேண்டாம்னு சொல்லிரு.”

என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாசலில் வந்து நின்றார். தறி ஓட்டுகிறவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, ஆஸ்பத்திரியிலும் அதே குரல்தான். “அட, பட்டு மட்டும் என்னது? புழுதான! பட்டக் கட்டிக்கிட்டுதான கோயிலுக்குப் போறீக? அம்பாளுக்கே பட்டுதான சாத்துதாக? போடச் சொல்லும்மா!” என்றார். வார்டே கேட்டது. செல்வியின் முகம் தெளிந்துவிட்டது. கையை நீட்டிவிட்டாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையில் அவர் வாங்கிவந்த இட்லிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பிறகு தனியாக டாக்டரம்மாவைக் கேட்டேன், செல்வி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்குப் போட்டிருப்பீர்களா என்று. மாட்டோம் என்றாள். அப்படியும் என் மனசு ஆறவில்லை. கிடைக்காது என்பது ஒன்று, அவளுக்குக் கிடைத்திருக்கிறது என்பது வேறொன்று.

என் கட்டு மாற்றுகிற நாட்கள் வந்தன. காலையில் டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டாலே எனக்கு வேர்த்துவிடும். வலி தெரியாமலிருக்க மருந்து கொடுப்பார்கள், கட்டை உப்புநீரில் ஊறவைத்துத்தான் பிரிப்பார்கள், சிஸ்டர் எவ்வளவோ பதமாகச் செய்வாள். ஆனாலும் காஸ் வலைத்துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். அதோடு சேர்ந்து புதிதாக முளைத்த தோலும் வரும். நான் போட்ட சத்தத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. முடிந்து கட்டிலுக்கு வந்தால், பக்கத்தில் செல்வி ஒட்டிய துணியோடு ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருப்பாள். எனக்கும் சுளை நீட்டுவாள். வாங்கிக்கொள்வேன். இனிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் அவள்மேல் கோபம் வரும்.

வீட்டு மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திப்போட்டுவிட்டு பஸ் ஏறி வருவார். வலது கையில் கட்டு, இடது கையால் எனக்குச் சாப்பிடத் தெரியவில்லை. அந்த மனிதர் தயிர்ச்சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டார். கல்யாணமான புதுசில்கூட ஊட்டியவர் இல்லை. “வாயத் தொற, இன்னும் தொற” என்று அவர் கத்துகிற கத்தலில் எதிர்க்கட்டில் அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதில் மட்டும் செல்வி என்னை ஏக்கமாகப் பார்ப்பாள். அவள் புருஷன் ஊட்டவில்லை, அவளுக்குத்தான் வலது கை நன்றாக இருந்ததே.

ஆனால் அவர் ஊட்டி முடித்ததும் என்ன செய்வார்? கையைத் துடைத்துக்கொண்டு செல்வியின் கட்டில் பக்கம் போய், குனிந்து, அந்தத் துணியை ஆராய்ச்சி செய்வார். “நூலே தெரியல பாரேன். இத எந்த மிஷின்ல ஓட்டியிருப்பான்?” என் கட்டை ஒரு நாள் அவர் அப்படிப் பார்த்ததில்லை. அது எங்கும் கிடைக்கிற வலைத்துணி, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

செல்வியின் துணி ஓரங்களில் கிளம்ப ஆரம்பித்தது. டாக்டரம்மா கத்தரியால் நறுக்கி எடுத்தாள். அடியில் ரோஜா நிறத்தில் தோல். தபசு முடிந்து கொஞ்ச நாளில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. பச்சையாகச் சீழ். கிருமி உள்ளே இறங்கியதால் மேலோட்டமாக இருந்த காயம் ஆழமாகிவிட்டது என்றார்கள். மேல்தோல் மட்டும் வெந்தால் தானாக வளரும். அடித்தோலும் போய்விட்டால் வளர ஆதாரம் இல்லை. காயம் சுருங்கிச் சுருங்கி விரல்களை இழுத்துப் பிடித்துவிடும். “விரல் மடங்காமப் போயிருமா டாக்டரம்மா?” என்று கேட்டேன். “போகாமப் பாத்துக்கத்தான் முயற்சி பண்ணுதோம்” என்றாள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. என் பெருவிரலை நினைத்து நினைத்து அழுதேன்.

அப்படி அழுதுகொண்டிருந்த ஒரு நாள் மதினி வந்து, ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து ஒன்று சொன்னாள். “நீ வீட்டப் பத்திக் கவலப்படாத. செல்வி எல்லாத்தையும் பாத்துக்கிடுதா. மடிப்புகூட இப்ப அவதான். நல்லாத்தான் மடிக்கா.”

அன்று என் காய்ச்சல் ஏன் ஏறியது என்று சிஸ்டருக்குப் புரியவில்லை.

சீழ் அடங்கியதும், கையில் தோல் ஒட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலைச் சீவி, புண் மேல் பரப்பி ஒட்டுவது. அறுவைக்கு முதல் நாள் டாக்டரம்மா என் கட்டிலில் உட்கார்ந்தாள். “தோலு எடுத்த எடம் இன்னொரு புண்ணா இருக்கும். சுத்தமான புண்ணு. அந்த மாதிரி எடத்துக்கும் அந்தத் துணியப் போட்டுப் பாக்குத ஆய்வு ஒண்ணு தனியா நடக்கு. உங்களுக்குச் சம்மதமா?”

சம்மதமா என்று கேட்கிறாள்! இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன். கம்ப்யூட்டர் இந்த முறை என் பக்கம் இருந்தது. என் வீட்டுக்காரர் வார்டுக்கே கேட்கும்படி, “பாத்தியா, கடைசியில ஒனக்கும் கெடச்சிட்டுல்லா!” என்றார். கிடைத்தது. தொடையில்.

தோல் ஒட்டிய கையைவிட எடுத்த இடம்தான் அதிகமாக வலிக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். எரிச்சல் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பிரிக்கிற வேலை இல்லை, அலறுகிற வேலை இல்லை. அந்தத் துணி ஒட்டினது ஒட்டினபடி கிடந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு நான் மட்டும் எட்டிப் பார்ப்பேன். ஓரம் கிளம்பியது. டாக்டரம்மா நறுக்கினாள். அடியில் அதே ரோஜா நிறம். என்ன பிரயோசனம்? கையில் என்றால் நாலு பேர் பார்ப்பார்கள். இதை யாரிடம் காட்டுவது?

வீட்டுக்கு வந்தபோது கொட்டகையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஃபேனுக்குக் கீழே, என் இடத்தில், செல்வி உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, சேலைக் கட்டுகளைப் பார்த்தேன். மேலே இருந்த சேலையில் முந்தி ஒரு விரல் அளவு உள்ளே போயிருந்தது. எனக்கு வீடு வந்துசேர்ந்த மாதிரி இருந்தது.

கையில் இறுக்கமான கையுறை, தழும்பு தடித்துவிடாமல் இருக்க. தினமும் பந்தை அமுக்கணும், விரலை மடக்கணும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். விரல் மடங்காமல் பந்து என் கையில் சும்மா உட்கார்ந்திருந்தது. குளிக்கவைப்பது, சேலை கட்டிவிடுவது எல்லாம் செல்விதான். முதல் நாள் குளிக்கவைக்கும்போது என் தொடையைப் பார்த்துவிட்டு, சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

“யக்கா! என் கைய விட ஒங்களுக்கு நல்லா ஆறியிருக்கே!”

குரலில் ஒரு பொருமல். எனக்கு நன்றாகத் தெரிந்த பொருமல் அது, இத்தனை நாளாக என் தொண்டைக்குள் இருந்தது. மனசு குளிர்ந்துவிட்டது. “காட்ட முடியாத எடத்துலதானட்டி” என்றேன், பெருந்தன்மையாக.

அவள் நாலு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். பிறகு, என் முதுகைப் பார்த்துப் பேசினாள். “எல்லாம் ஒங்களுக்குத்தான். அன்னைக்கு மதினி மண்ண ஒங்களுக்கு மட்டும்தான வச்சாக. நான் தொட்டிக்குள்ள கைய விட்டுக்கிட்டு நின்னேன். ஒரு பொட்டு மிச்சம் வைக்கல. என் கை வெந்தா அது கையில்லையா? விரதம் இருந்தது நானு, மண்ணு ஒங்களுக்கு.”

“ஏட்டி, கூறுகெட்டவளே, அத வைக்காததுனாலதான் ஒனக்கு அந்தத் துணி கெடச்சுது. வச்சதுனாலதான் என் கை இப்பிடிக் கெடக்கு!”

“அது தெரியும். ஆனா வைக்கலேல்லா” என்றாள். தேம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஆரஞ்சு தின்றுகொண்டு அவள் நிம்மதியாகப் படுத்திருந்தாள் என்றுதானே நான் நினைத்திருந்தேன். அந்த மண்ணையே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஈரத்தோடு திரும்பி அவள் இடது கையைப் பிடித்துப் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில் அதுவரை பார்த்ததில்லை. வழவழவென்று இருந்தது. பொறாமை போகவில்லை, கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தது.

இப்போது என் கை முக்கால்வாசி மூடுகிறது. பெருவிரல்தான் இன்னும் முரண்டு பிடிக்கிறது. மடிப்பு செல்வி கையில்தான் இருக்கிறது. போன வாரம் கடைக்காரர் ஃபோன் போட்டு, முந்தி உள்ளே போகுதே, பெரியவங்க எப்ப மடிக்க வருவாங்க என்று கேட்டார். செல்வி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“யக்கா, அந்த முந்திய எப்பிடி நிறுத்துதீக? சொல்லித்தாங்களேன்.”

“வாயால சொன்னா வராதுட்டி. என் பெருவிரலு சரியாயி, நான் மடிச்சுக் காட்டுனாத்தான் ஒனக்குப் பிடிபடும்” என்றேன். முழுப்பொய் இல்லை.

என் கையைப் பார்த்தாள். உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்தாள். கையுறையைக் கழற்றி, எண்ணெய் தேய்த்து, என் பெருவிரலைப் பிடித்து மடக்கினாள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறுவதில்லை. தறி நிற்கிற நேரம் பார்த்து வந்து உட்கார்ந்துவிடுகிறாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தவர்கள்கூட இவ்வளவு அக்கறையாக மடக்கவில்லை. பாசம் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். அந்த மடிப்பு தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. நன்றாக வலிக்கிற மாதிரிதான் மடக்குகிறாள், நானும் கையை இழுத்துக்கொள்வதில்லை.